நாற்பதுக்கு மேல்தான் அண்ணாச்சி, சோலியே ஆரம்பம்!

“இனிமே என்னத்தவே செய்ய? காலம் போயிட்டு.”

திருநெல்வேலி வண்ணார்பேட்டை ரவுண்டானா பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் கிளாஸ் காலியாவதற்குள் இந்தப் பேச்சு காதில் விழுந்துவிடும். சொல்கிறவர் எழுபதைத் தாண்டியவராக்கும் என்று திரும்பிப் பார்த்தால் ஆளுக்கு நாற்பத்தேழு வயசு. பல் முப்பத்திரண்டும் பத்திரம். பைபாஸ் ரோட்டில் பஸ்ஸை முந்திக்கொண்டு வண்டி ஓட்டுகிற தெம்பு இருக்கிறது. மகனுடைய காலேஜ் பீஸ், மகளுடைய கல்யாணம், வீட்டு லோன் எல்லாவற்றையும் தோளில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிற முதுகெலும்பு இருக்கிறது. வாய் மட்டும் சுடுகாட்டுக்கு வழி கேட்டுக்கொண்டிருக்கிறது.

உங்களைத்தான் சொல்கிறேன் அண்ணாச்சி. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020-ல் 58-லிருந்து 59 ஆக்கியது. அடுத்த ஆண்டே 60 ஆக்கியது. கஜானாக் கணக்குப் பார்த்துச் செய்தார்களோ என்னவோ, அறுபது வயதுவரை ஆளுக்கு வேலை பார்க்கத் திராணி உண்டு என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டாயிற்று. நீங்களோ நாற்பத்தேழிலேயே உங்களுக்கு ஓய்வு உத்தரவு எழுதி, நீங்களே கையெழுத்துப் போட்டு, நீங்களே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். அந்த ஓய்வுக்குப் பென்ஷன்கூடக் கிடையாது!

தன்னம்பிக்கைக் கூட்டங்களில் சரியாக இந்த இடத்தில், அறுபத்தைந்து வயதில் தன் கோழிப் பொரியல் செய்முறையை ஊர் ஊராக விற்கக் கிளம்பிய அமெரிக்கக் கிழவரை மேடையேற்றுவார்கள். பாவம், அவர் ஏறாத மேடை இல்லை. இன்றைக்காவது அவர் ஓய்வெடுக்கட்டும். நீங்கள் டீ குடிக்கிற இதே வண்ணார்பேட்டையில் ஆள் இருந்திருக்கிறார். அவரை விட்டுவிட்டு நாம் எதற்குக் கென்டகிவரை போக வேண்டும்?

டி.கே.சி. என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். 1882-ல் பிறந்தவர், தென்காசிக் குடும்பம். சட்டம் படித்தார். வக்கீல் தொழிலில் அதிக காலம் நிலைக்கவில்லை. 1927-லிருந்து 1930 வரை சென்னை மாகாணச் சட்டசபை உறுப்பினர். 1930-லிருந்து 1935 வரை இந்து அறநிலைய வாரியத்தில் கமிஷனர். இதைப் படித்ததும் என்ன தோன்றுகிறது? கௌரவமான பெரிய மனிதர். பதவி முடிந்ததும் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, பேப்பர் படித்து, பேரப்பிள்ளைகளை அதட்டி, ஒருநாள் மாலை போட்ட படமாகக் கூடத்தில் தொங்க வேண்டியவர். அந்தக் காலத்தில் அவரைப்போல் பதவி வகித்த எத்தனையோ பேர் அப்படித்தான் படமானார்கள். அந்தப் படங்களில் இருப்பவர்களின் பெயர் இன்று அந்தந்த வீட்டுக்காரர்களுக்கே மறந்திருக்கும்.

1935-ல் அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. அவர் பிறந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் முப்பதைக்கூடத் தொடவில்லை. அந்தக் கணக்குப்படி ஏற்கெனவே இரண்டு ஆயுள் வாழ்ந்து முடித்தவர். அதற்குமேல் அவருக்குக் கிடைத்தது, 1954 பிப்ரவரியில் காலமாகும்வரை, பத்தொன்பது வருஷம். கமிஷனராக அவர் கையெழுத்திட்ட கோப்பு எந்த அலமாரியில் மட்கியதோ யாருக்கும் கவலையில்லை. தமிழ் அவரை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அந்தப் பத்தொன்பது வருஷத்துக்காகத்தான்.

அப்படி என்ன வேலை பார்த்தார்?

பாட்டு ரசித்தார்.

சிரிப்பு வருகிறதா? அந்தக் காலத்து வண்ணார்பேட்டையும் சிரித்திருக்கும். “வக்கீலுக்குப் படிச்ச மனுஷன், சோலியத்துப் போயி பாட்டுப் படிச்சிட்டு இருக்காரு” என்று ஒருவராவது சொல்லாமல் இருந்திருந்தால் அது திருநெல்வேலியே இல்லை. ரசிப்பது ஒரு வேலையா? அதற்குச் சம்பளம் உண்டா? விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ள முடியுமா? எதுவும் கிடையாது. அவர் ஒரு காரியத்தை மட்டும் முன்பே தொடங்கியிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயதில், வண்ணார்பேட்டை வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்களைக் கூட்டி உட்காரவைத்தார். வட்டத்தொட்டி என்று தமிழ் இலக்கிய வரலாற்றில் ஏறிவிட்ட பெயர் அந்த முற்றத்தின் பெயர்தான். ஞாயிறு மாலைகளில் வக்கீல் வருவார், அதிகாரி வருவார், வாத்தியார் வருவார், கல்லூரிப் பையன் வருவான். ஒரு கம்பன் பாட்டை எடுத்துக்கொள்வார் டி.கே.சி. நிதானமாக, வாய்விட்டு, தாளம் கேட்கும்படி சொல்வார். திரும்பவும் சொல்வார். எந்த இடத்தில் சொல் தயங்குகிறது, எந்த இடத்தில் உணர்ச்சி பொங்கி அடி நீள்கிறது என்று தானும் அனுபவித்து, கேட்பவர்களையும் அனுபவிக்கவைப்பார். இலக்கணம் தெரியாதவனும் அங்கே தலை குனிய வேண்டியதில்லை. வயிற்றுக்கும் குறையிருக்காது, அவருடைய விருந்தோம்பல் ஊரறிந்தது.

இவ்வளவுதான் அண்ணாச்சி அந்த மனுஷனின் முதலீடு. ஒரு முற்றம், ஒரு நேரம், நாலு பேர்.

அதிலிருந்து என்ன விளைந்தது தெரியுமா? ‘இதய ஒலி’ கட்டுரைகள் புத்தகமாக வந்தபோது அவர் அறுபதை எட்டிக்கொண்டிருந்தார். 1941-ல் கல்கி பத்திரிகை தொடங்கியது. அதில் ‘கம்பர் தரும் காட்சி’ என்று தொடர் எழுதினார். பத்திரிகைக்குத் தொடர்ந்து எழுதித் தருவது இருபத்தைந்து வயதுக்காரனுக்கே நாக்குத் தள்ளுகிற சோலி. கம்பராமாயணத்தைச் சீர்பிரித்து, விளக்கம் எழுதி, மூன்று பகுதிகளாகக் கொண்டுவந்தார். முத்தொள்ளாயிரத்தைப் பொதுவாசகரிடம் சேர்த்தார். தமிழ் மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லையா என்று தமிழிசை இயக்கம் கிளம்பியபோது ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், ராஜாஜி, கல்கி ஆகியோரோடு முன்வரிசையில் நின்று வாதாடினார். சென்னையில் தமிழ் இசைச் சங்கம் 1943-ல் எழுந்தபோது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களே தனிப் புத்தகங்களாயின. பின்னாளில் குற்றாலத்தில் போய்த் தங்கினார். ராஜாஜியும் கல்கியும் அங்கேயும் தேடிக்கொண்டு வந்தார்கள்.

எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். பண்டிதர்கள் வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேலுள்ள கம்பன் பாட்டுகளில் பெரும்பகுதியை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கினார். ஏற்றுக்கொண்ட பாட்டிலும் தனக்கு இடறிய சொல்லை மாற்றினார். என்னைக் கேட்டால், அந்த விஷயத்தில் பண்டிதர்கள் பக்கம்தான் நியாயம். கவி எழுதிய சொல்லில் கைவைக்க எந்த ரசிகனுக்கும் பாத்தியதை கிடையாது. ஆனால் ஒன்று பாருங்கள். ஐம்பத்தைந்து வயதில், பட்டம் வாங்கிய புலவர் கூட்டத்துக்கு எதிரே எழுந்து நின்று, தவறாகவே இருந்தாலும் தன் காதையும் தன் நெஞ்சையும் நம்பிப் பேசினாரே, அந்தத் துணிச்சல் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் சொன்ன கணக்குத் தப்பு என்று தெரிந்தும் வாயைத் திறக்கப் பயந்து, பெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயத்தை ஐம்பது வயதிலும் விடாதவர் அதை எப்போதுதான் விடப்போகிறார்?

இடையில் அடியும் விழுந்தது. கவிதை எழுதும் கையுள்ள மகன் தீபனை இளமையிலேயே பறிகொடுத்தார். நடுவயது என்பது அப்படித்தான், பெற்றோரும் போவார்கள், சில வீடுகளில் பிள்ளையும் போகும். அதற்குப் பிறகும் அவர் பாட்டைக் கீழே வைக்கவில்லை. இதற்குமேல் இதைப் பற்றி விளக்கம் சொல்ல எனக்கு மனசில்லை.

இப்போது நீங்கள் வாயெடுப்பது எனக்குத் தெரிகிறது. “அவரு வசதியான குடும்பம் அண்ணாச்சி. நமக்கு ஒண்ணாந்தேதி வந்தா ஈஎம்ஐ.” நியாயமான கேள்வி. மேடைப் பேச்சாளர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள், நான் குதிக்கமாட்டேன். இருந்த வசதியையும் இழந்த ஒருவரைக் காட்டுகிறேன்.

வ.உ. சிதம்பரம் பிள்ளை. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி. 1908-ல் திருநெல்வேலியில் கைது, விசாரணை, இரட்டை ஆயுள் தண்டனை. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கு. இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். மேடையில் கண்ணீர் விடுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார், அதன் பிறகு என்ன செய்தார் என்று கேளுங்கள். அப்போது அவருக்கு நாற்பது வயது. கப்பல் கைவிட்டுப் போய்விட்டது. வக்கீல் சன்னது பறிபோய்விட்டது. பிழைப்புக்குச் சென்னையில் மளிகை, மண்ணெண்ணெய் என்று சில்லறை வியாபாரம் பார்த்தார், அதுவும் கைகொடுக்கவில்லை. ஊரையே கூட்டிக் கடலில் கப்பல் விட்ட மனிதர், கடனுக்குச் சாமான் கேட்டு வருகிறவனிடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். “காலம் போயிட்டு” என்று சொல்ல இந்தத் தாமிரபரணிச் சீமையிலேயே உரிமையுள்ள ஓர் ஆள் உண்டென்றால் அது அவர்தான்.

அவரோ நூல் எழுதினார். ‘மெய்யறம்’ 1914-ல் வந்தது, ‘மெய்யறிவு’ 1915-ல். ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கினார். அதோடு நிற்காமல் தொல்காப்பியத்துக்குள் இறங்கினார். ஏடுகளை ஒப்பிட்டு, எழுத்தெண்ணிப் பாடம் பார்க்கிற அந்த வேலையில் கைதட்டலும் கிடையாது, காசும் கிடையாது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை இளம்பூரணர் உரையோடு அவர் 1928-ல் பதிப்பித்தபோது வயது ஐம்பத்தாறு. திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை வெளியிட்டது 1935-ல், சாவதற்கு முந்தின வருஷம். கப்பலோட்டியவரை எல்லோருக்கும் தெரியும்; கடன் நெருக்க நெருக்க ஏடு பார்த்துக்கொண்டிருந்தவரைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கிறது. அவருக்கு யாரும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. தானாகப் போய் அதன் முன்னால் உட்கார்ந்தார்.

அவரோடு தொல்காப்பியப் பதிப்பு வேலையில் துணை நின்ற வையாபுரிப் பிள்ளையும் திருநெல்வேலிக்காரர்தான், அவரும் வக்கீல்தான்! 1926-ல் கோர்ட்டை விட்டுவிட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்குப் பதிப்பாசிரியராகப் போய், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுள்ள அகராதியைக் கரைசேர்த்தார். ராஜவல்லிபுரத்து ரா.பி. சேதுப்பிள்ளை? அவரும் நெல்லையில் வக்கீலாக இருந்தவர். 1930-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழாசிரியராகப் போனார். சாகித்திய அக்காதெமி தமிழுக்குக் கொடுத்த முதல் விருது, 1955-ல், அவருடைய ‘தமிழின்பம்’ நூலுக்கு. திருநெல்வேலி வக்கீல் சங்கத்துக்கு எவ்வளவு நஷ்டமோ, தமிழுக்கு அவ்வளவு லாபம்.

அக்கா, மதினி, நீங்களும் கேளுங்கள். ஆம்பிளைகளின் கதையாகவே போகிறதே என்று முகம் சுளிப்பது தெரிகிறது. நம்மூர் என்றில்லை, சென்னைக்குப் போவோம். எஸ். மீனாட்சி அம்மாள் 1905-ல் பிறந்தவர், இளவயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்து வழக்கப்படி அவருக்கென்று இருந்தது அடுப்படி மட்டும். கல்யாணமாகி வெளியூர் போன உறவுப் பெண்கள் “இதற்கு எவ்வளவு புளி, அதற்கு எவ்வளவு பருப்பு” என்று கடிதத்துக்குமேல் கடிதம் எழுதிக் கேட்க, பதில் எழுதி எழுதி ஓய்ந்தார். இதைப் புத்தகமாகவே போடேன் என்று பெரியவர் ஒருவர் சொன்னார். 1951-ல் ‘சமைத்துப் பார்’ வந்தது. அவருக்கு நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிற பிள்ளையின் பெட்டியில் இன்றைக்கும் அந்தப் புத்தகம் ஏறுகிறது. உங்கள் வீட்டில் “உனக்கென்ன தெரியும், அடுப்படியத் தவிர” என்று யாராவது சொன்னால், சொன்னவர் கையில் அதன் ஒரு பிரதியைக் கொடுங்கள்.

படிப்பில்லை என்கிறவருக்கு இடைசெவல் கி. ராஜநாராயணன் இருக்கிறார். பள்ளிப் படிப்பையே முடிக்காத கரிசல் சம்சாரி; முப்பதுகளின் நடுவில்தான் கதை எழுத வந்தார்; அறுபதைத் தாண்டிய பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்து நாற்காலி போட்டது. மேற்கொண்டு என்ன சாக்கு மிச்சமிருக்கிறது?

நம்ம தாமிரபரணிப் பாசனத்தில் கார் முடிந்தால் பிசானம். ஆனியில் நாற்றுப் பாவி, புரட்டாசியில் கார் நெல்லை அறுத்த கையோடு எந்தச் சம்சாரியாவது “வயலுக்கு வயசாயிட்டு” என்று வரப்பில் உட்கார்ந்து அழுதிருக்கிறானா? தாளை மடக்கி உழுது, ஐப்பசி மழைக்குத் தொளியடித்துப் பிசானத்துக்குத் தயாராகிவிடுவான். பிசானம்தான் நீண்ட நாள் பயிர், கூடுதல் பரப்பும் அதற்குத்தான். நீங்கள் அறுத்திருப்பது கார் மட்டும்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து நிற்காதீர்கள். வீட்டில் என்னை வைவார்கள். வேலையை விடச் சொல்லும் வீர வசனமெல்லாம் அடுத்தவன் வீட்டு அரிசிப் பானையைப் பார்க்காதவன் பேசுகிற பேச்சு. நான் கேட்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மொபைலைத் தேய்த்துத் தேய்த்து நீங்கள் தீர்க்கிற அந்த இரண்டு மணி நேரம். அதைக் கொடுக்க யாரிடமும் லோன் வாங்க வேண்டாம்.

“எனக்கு என்ன தெரியும்?” என்று மறுபடியும் ஆரம்பிக்காதீர்கள். இருபத்தைந்து வருஷமாக எலெக்ட்ரிகல் கடை வைத்திருப்பவருக்கு, எந்த ஒயர் எந்த வீட்டில் ஏன் எரியும் என்று தெரியும். அதைக் கற்றுக்கொள்ள ஆளில்லாமல் தெருவில் ஏழு பையன்கள் நிற்கிறார்கள். பேராத்துச் செல்வி அம்மன் கோயில் கொடையில் கணியான் பாடுகிறதைச் சின்ன வயதிலிருந்து கேட்டவருக்கு, புத்தகத்தில் இல்லாத கதை நூறு தெரியும். ஆற்றங்கரையில் எந்தப் படித்துறையில் எந்தக் காலத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று தெரிந்த ஆட்கள் இந்தப் பேட்டையில் இன்னும் இருக்கிறார்கள்; கேட்டு எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவருக்கு மாவட்டத்தின் மூலை முடுக்கெல்லாம் மனப்பாடம். இவையெல்லாம் சோலியில்லாதவன் பேச்சு என்று நீங்களே ஒதுக்கிவைத்தவை. டி.கே.சி.யின் பாட்டும் அப்படி ஒதுக்கப்படக் கூடியதாகத்தான் இருந்தது. அவர் அதற்கு முற்றத்தில் இடம் போட்டுக் கொடுத்தார்.

பணம் வருமா? வராமலும் போகலாம். வரும் என்று சொல்லி உங்களிடம் ஆயிரம் ரூபாய் டிக்கெட் விற்க எனக்கு ஹால் எதுவும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் ஆபீஸுக்குப் போகிற உங்கள் நடை வேறு மாதிரி ஆகும். மேனேஜரின் உறுமல் காதில் பாதிதான் ஏறும். வீட்டில் பிள்ளைகள் உங்களை ஏடிஎம் மெஷின்போல் பார்ப்பதை நிறுத்திவிட்டு, “அப்பா ஞாயித்துக்கிழமை என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

முதல் வாரம் யாரும் வரமாட்டார்கள். இரண்டாம் வாரம் ஒருவர் வருவார். அவரும் காபிக்காக வந்திருப்பார். கொடுங்கள். மூன்றாம் வாரம் உங்கள் மச்சினன் வந்து “எதுக்கு அத்தான் இந்த வேண்டாத சோலி?” என்று கேட்பார். அவரையும் உட்காரவையுங்கள்.

யார் வந்து உட்காருவார் என்று முன்கூட்டியே சொல்லவே முடியாது. டி.கே.சி.யிடம் வந்து உட்கார்ந்த இளைஞர்களில் பாஸ்கரத் தொண்டைமான் என்று ஒருவர். திருநெல்வேலிப் பிள்ளை, வருவாய்த் துறையில் உத்தியோகம். 1951-ல், நாற்பத்தேழு வயதில், தஞ்சாவூரில் அதிகாரியாக இருந்தார். ஜமாபந்தி, பட்டா, தண்டல் என்று தாசில் வேலை கழுத்தை நெரிக்கும் வயது, பதவி, ஊர். அந்த நேரத்தில்தான் வயல்களிலும் இடிந்த கோயில்களிலும் அநாதையாய்க் கிடந்த சோழர் காலச் சிலைகளைச் சேர்த்து அரண்மனையில் தஞ்சைக் கலைக்கூடத்தை உருவாக்க முன்னின்றார். ரெவின்யூ மேனுவலில் அப்படி ஒரு வேலை எழுதப்பட்டிருக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு கோயில் கோயிலாக ஏறி இறங்கி ‘வேங்கடம் முதல் குமரி வரை’ எழுதினார். கல்லைப் பார்த்து ரசிக்கிற கண்ணை அவருக்குத் திறந்துவிட்டதில் பெரும் பங்கு அந்த வண்ணார்பேட்டைக்காரருக்கு உண்டு.

நாற்பத்தேழு! நீங்கள் டீக்கடையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதே வயது. அந்தக் காகிதத்தைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்துப் போடுங்கள் அண்ணாச்சி. பாயை விரியுங்கள். ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணி. முதலில் யாருக்குப் போன் போடுகிறீர்கள்?